பக்கத்து மனையில் மீறல்: நகராட்சியா, ஆர்.டி.ஓ.வா, முன்சீப் கோர்ட்டா?

அடுத்த வீட்டுக்காரர் மாடி சன்ஷேடை உங்கள் கொல்லைக்கு மேலே நீட்டுகிறார். எதிர்வீட்டுக் கழிவுநீர் சந்தில் ஓடுகிறது. பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. காலி மனையில் சீமைக்கருவேலம் மண்டி, அதற்குள் குப்பையும் பாம்பும் சேர்ந்துவிட்டன. தொண்டி தொடங்கி ராமேசுவரம் தீவைச் சுற்றிச் சாயல்குடிப் பக்கம் வரை, நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் அக்கம்பக்கத்துத் தகராறு பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். முற்றிப்போனால் எல்லோரும் சொல்லும் யோசனையும் ஒன்றுதான்: "கலெக்டருக்கு ஒரு மனுப் போடு."

போடலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதல்வர் உதவி எண்ணான 1100க்கு அடித்தாலும் கிடைக்கும். ஆனால் அந்த மனு சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து சேருவது, நீங்கள் நேரிலேயே போயிருக்கக்கூடிய அதே நகராட்சி ஆணையர் மேசைக்கோ வட்டார வளர்ச்சி அலுவலர் எனும் பி.டி.ஓ. மேசைக்கோதான். மேலிருந்து வந்த மனு என்பதால் பதில் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு உண்டு. அந்தப் பதில் ஒரே வரியில் முடிந்துவிடுவதும் உண்டு. அதனால் கலெக்டர் மனுவை நான் தனி வழியாகக் கணக்கில் எடுப்பதில்லை. தேர்வு நடக்க வேண்டியது மூன்று இடங்களுக்குள்: உள்ளாட்சி, கோட்டாட்சியர் எனும் ஆர்.டி.ஓ., முன்சீப் நீதிமன்றம். மதுரை உயர் நீதிமன்றக் கிளையும் பசுமைத் தீர்ப்பாயமும் அதற்குப் பிறகு.

எந்த இடம் பலமானது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: மீறல் நடந்திருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழப்போகிறது? உங்கள் தலையில் குறைவாக விழும் இடத்துக்கு முதலில் போங்கள்.

வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் இந்தச் சுமை நகர நிர்வாகத்துடையது. நியூயார்க்கில் 2003 முதல் 311 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும்; ஆய்வாளர் வந்து பார்ப்பார், மீறல் இருந்தால் நோட்டீஸ் கொடுப்பார். அதன்பின் வழக்கு நகருக்கும் வீட்டுக்காரருக்கும்தான்; புகார் சொன்னவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். சிகாகோவில் 1997 முதல் இதுபோன்ற மீறல்களை விசாரிக்கவே நகருக்குத் தனித் துறை இயங்குகிறது. கட்டாத அபராதம் பல அமெரிக்க நகரங்களில் அந்தச் சொத்தின் மேலேயே பாக்கியாக ஏறிவிடும். விற்கப் போகும்போது கழுத்தைப் பிடிக்கும். அங்கும் ஆய்வாளர் வரவில்லை என்ற புலம்பலும், பழைய வீட்டைச் செப்பனிட வழியில்லாத ஏழைமேல் அபராதம் குவிகிறது என்ற கோபமும் இருக்கத்தான் செய்கின்றன. நம் சட்டங்களிலும் நோட்டீஸ், சீல், அபராதம், இடிப்பு எல்லாமே உண்டு. நடைமுறையில்தான் வித்தியாசம். இங்கே மனு கொடுத்தவர் பின்தொடராமல் விட்டால் கோப்பும் அங்கேயே படுத்துவிடும்.

எல்லை யாருடையது?

தேர்வுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, மனை யார் எல்லைக்குள் இருக்கிறது என்பது. மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் ஆகிய நான்கும் நகராட்சிகள். கடலோரத்தில் மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம் எல்லாம் ஊர் பெரிதாக இருந்தாலும் கிராம ஊராட்சிகளே. ஆக, ஒரே தீவுக்குள் ராமேசுவரத்திலிருந்து தங்கச்சிமடம் வந்தால் சட்டமே மாறிவிடுகிறது. அங்கே 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், இங்கே 1994 ஊராட்சிகள் சட்டம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் அவர்கள் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதற்காக மனுவை ஊராட்சிச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், பி.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கட்டட விதி மட்டும் எல்லா ஊருக்கும் பொது: 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

உள்ளாட்சி: தளம் போடும்வரைதான்

பக்கத்து மனையில் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது, பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தை விடவில்லை, அல்லது அனுமதி ஒரு மாடிக்கு, எழும்புவது இரண்டு மாடி என்றால் உள்ளாட்சியும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகமும்தான் சரியான இடம். 1971 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. வேலையை நிறுத்தச் சொல்லலாம், பூட்டிச் சீல் வைக்கலாம், அகற்றச் சொல்லலாம். அளந்து பார்க்க வேண்டியது அவர்கள். பிளானோடு ஒப்பிட வேண்டியதும் அவர்கள். உங்கள் சுமை மிகக் குறைவு.

ஆனால் இதற்கு ஒரு காலக்கெடு உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதாத காலக்கெடு. கான்கிரீட் தளம் போடும்வரை நோட்டீஸுக்கு மரியாதை இருக்கும். தளம் காய்ந்து, குடிபுகுந்து, வரி ரசீதும் மின் இணைப்பும் வாங்கிவிட்டால், அதிகாரியின் பார்வை "எப்படி நிறுத்துவது" என்பதிலிருந்து "எப்படி முறைப்படுத்துவது" என்பதற்கு நகர்ந்துவிடும். சீல் நோட்டீஸ் வாங்கியவர் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் மனுச் செய்யலாம். அது நிலுவையில் இருக்கிறது என்ற ஒரு வாக்கியமே உள்ளூர் அலுவலகத்தில் கோப்பை மூடிவைக்கப் போதும். இடிப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று சொன்ன தீர்ப்பையும் நினைவில் வையுங்கள்: தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தை ஆக்கிரமித்த கட்டடம், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடம் ஆகியவை தவிர மற்றவற்றை 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு நியாயமானது. நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் அதுதான் காவல். ஆகவே "நாளைக்கே இடிக்கணும்" என்று மனு எழுதாதீர்கள். "வேலையை நிறுத்தி, அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட்டு அளக்கவும்" என்று எழுதுங்கள்.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வேறு வந்துவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ என்றால் இணையத்திலேயே அனுமதி வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். வீடு கட்டுபவருக்கு நல்ல வசதி, நானும் வரவேற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வேலை கூடியிருக்கிறது: அலுவலகம் பார்க்காததை அவர் பார்க்க வேண்டும். இங்கே தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய், 30 நாள். முழு வரைபட நகல் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க இடம் இருக்கிறது. அதற்குப் பதிலாக அனுமதி எண், தேதி, எத்தனை தளம், நான்கு பக்கமும் எத்தனை மீட்டர் காலியிடம், என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். ஆனால் 30 நாளில் ஒரு தளம் எழும்பிவிடும். எனவே மனுவும் தகவல் கேட்பதும் ஒரே நாளில் போக வேண்டும். ஒன்றன் பதிலுக்காக மற்றதைத் தள்ளிவைக்கக் கூடாது.

ஆர்.டி.ஓ.: பலர் போகாத இடம்

நம் கடற்கரைக்கென்றே உள்ள ஒரு சிக்கலை வைத்து இதைப் பார்க்கலாம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மணலில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும். அது மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதப்பது. உறைகிணறு இறக்கி அதைத்தான் குடிக்கிறோம். அதே மணலில்தான் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும். களிமண் என்றால் கழிவு மெல்ல இறங்கும். மணலில் நேரே கிணற்றுக்குப் போகும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்றால் 59 அடி. மூன்று சென்ட் மனை, முப்பது அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், மூலைக்கு மூலை அளந்தாலும் 53 அடிதான் வரும். அதாவது, இந்த விதியை ஒரு மனைக்குள் யாராலும் காப்பாற்ற முடியாது; பக்கத்து மனைக்காரரோடு பேசி, ஒருவர் கிணற்றை இந்த மூலையிலும் மற்றவர் குழியை அந்த மூலையிலும் வைத்தால்தான் உண்டு. பேசாமல் வைத்துவிட்டால் தகராறு.

இந்தத் தகராறோடு உள்ளாட்சிக்குப் போனால், "செப்டிக் டேங்க் கட்டியிருக்காங்கல்ல, பிறகென்ன" என்ற பதிலோடு திரும்ப வாய்ப்பு அதிகம். முன்சீப் கோர்ட்டுக்குப் போனால், அந்தக் குழியிலிருந்துதான் உங்கள் கிணற்றுக்குக் கழிவு வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். மணலுக்கடியில் நடப்பதற்குச் சாட்சிக்கு எங்கே போவது? ஆர்.டி.ஓ. வழி இந்த இடத்தில்தான் உதவுகிறது. இந்த வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆவது பிரிவானது. பொதுத் தொல்லை என்று தெரிந்தால் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடுவார்: "இத்தனை நாளுக்குள் அகற்று, இல்லையென்றால் வந்து காரணம் சொல்." உத்தரவு முதலில், விசாரணை பிறகு. வந்து காரணம் சொல்லும் சுமை எதிர்த்தரப்புக்குப் போய்விடுகிறது. அந்த விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், காரணம் எழுதிவைத்து 120 நாள்வரை நீட்டலாம் என்று புதிய சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது. முறைப்படி போட்ட உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. வக்கீல் இல்லாமலும் மனுக் கொடுக்கலாம்.

சாய்ந்து நிற்கும் சுவர், விழப்போகும் மரம், மூடாத கிணறு, வழிமறிப்பு, உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில் எல்லாம் இந்தப் பிரிவுக்குள் வரும். ஓடையோ வாய்க்காலோ அடைபட்டிருந்தாலும் வரும். தவறு செய்வது நகராட்சியாகவே இருந்தாலும் விடாது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் சாக்கடை இல்லாமல் தவித்த மக்கள் இந்த வழியில்தான் போனார்கள். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பு எழுதினார். கீழக்கரையிலோ ராமேசுவரத்திலோ பொது வாய்க்கால் பொங்கித் தெருவில் நிற்கிறது என்றால், நகராட்சியிடமே நகராட்சிமேல் மனுக் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

இதற்கு ஒரு நிபந்தனை: தொல்லை பொதுவானதாக இருக்க வேண்டும். உங்கள் ஒருவர் கிணறு மட்டும் கெட்டிருந்தால் "இது தனிப்பட்ட தகராறு" என்று மனு திரும்பிவிடும். அதே உறிஞ்சுகுழியால் நான்கு வீட்டுக் கிணறு கெட்டிருந்தால், நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நான்கு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து அறிக்கையை இணையுங்கள். மணலுக்கடியில் நடப்பதற்கு அந்தக் காகிதத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு கோட்டங்கள். ராமேசுவரம், கீழக்கரைப் பக்கத்தவர்களுக்கு ராமநாதபுரம். இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.டி.ஓ.வுக்குப் பட்டா மேல்முறையீடு, திருவிழா, புயல், தேர்தல் என்று நூறு வேலை. அவர் வி.ஏ.ஓ.விடமும் காவல் நிலையத்திடமும் அறிக்கை கேட்பார். அறிக்கை வராவிட்டால் மனு தூங்கும். மனுவிலேயே 152 ஆவது பிரிவு என்று எழுதாவிட்டால், சாதாரண மனுவாகப் பதிந்து வேறெங்கோ போய்விடும்.

முன்சீப் கோர்ட்: உங்கள் மண்ணுக்குள் வந்தால்

ஒரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அவர் மனைக்குள் அவர் விட வேண்டிய இடத்தை விடவில்லை என்றால் அது உள்ளாட்சி விஷயம். அவர் சுவரோ சன்ஷேடோ உங்கள் மனைக்குள், உங்கள் மனைக்கு மேலே வந்துவிட்டது என்றால் அது உரிமைத் தகராறு. இரண்டாவதை நகராட்சி தொடவே தொடாது. "கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடும், அது சரியும்கூட. பொதுச்சுவர், நடைபாதை உரிமை, மழைத்தண்ணீர் விழும் தாழ்வாரம் எல்லாம் இந்த வகைதான்.

இங்கே சுமை முழுக்க உங்களுடையது. போகுமுன் தாசில்தார் அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். நத்தம் எனும் ஊர்க் குடியிருப்பு மனைகளில் பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு இருப்பது சாதாரணம். அளந்தபின் நீங்கள்தான் ஓரடி உள்ளே போயிருக்கிறீர்கள் என்று தெரியவந்தால், வழக்கு போடாமலே தப்பித்தீர்கள். வழக்குப் போட்டால் தற்காலிகத் தடையாணை கேட்கலாம், வக்கீல் கமிஷனரை நியமிக்கச் சொல்லலாம். அவர் சர்வேயரோடு வந்து அளந்து தரும் அறிக்கைதான் பாதி வழக்கு. எதிராளி விவரம் தெரிந்தவர் என்றால் முன்கூட்டியே கேவியட் போட்டிருப்பார்; அவரைக் கேட்காமல் தடையாணை கிடைக்காது. நீங்கள் பல ஆண்டுகள் சும்மா இருந்ததும் எதிராக வரும். 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்த வழியும் வெளிச்சமும் காற்றும் அவருக்கு உரிமையாகவே ஆகிவிடலாம். பெண்கள் வழக்குத் தொடுத்தால் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். கணவர் கடலிலோ கல்ஃபிலோ இருக்கும் வீடுகள் இங்கே எத்தனை! அவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

உயர் நீதிமன்றக் கிளைக்கு ரிட் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் கிடைப்பது "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற உத்தரவுதான். கோப்பு ஏற்கெனவே கனமாக இருந்து, அதிகாரி மட்டும் அசையாமல் இருந்தால் அந்த உத்தரவு பொன். கோப்பே இல்லாதவருக்கு மதுரைக்குப் போய்வந்த பஸ் செலவு. கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் விடுதி எழும்புகிறது, லாட்ஜ் கழிவு கடலில் கலக்கிறது என்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயம்தான் பொருத்தம். காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்; தீர்ப்பாயமே கூடுதலாக 60 நாள் தரலாம். வெறும் பக்கவாட்டுக் காலியிட மீறலை அங்கே கொண்டுபோகாதீர்கள், நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் பட்டியலில் இல்லை.

இவை எதற்கும் முன்னால் ஜமாத், ஊர்க்கூட்டம், பங்குத்தந்தை என்று இந்தக் கரையில் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து உண்டு. சட்ட பலம் கிடையாது. ஆனால் "காக்கா (அண்ணே), குழியை மட்டும் அந்தப் பக்கம் மாத்துங்க, செலவுல பாதி நான் தர்றேன்" என்று பேச முடிகிற ஒரே இடம் அது. அங்கே ஒத்துக்கொண்டதை எழுதி, இரண்டு பேரும் சாட்சியும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு காயவைக்கும் நாற்றத்துக்காக 152 போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் அங்கே பேசுங்கள். மூன்று தலைமுறையாகக் கருவாடு காயும் மணலுக்குப் பக்கத்தில் நேற்று வந்து வீடு கட்டியவருக்கு அனுதாபம் குறைவாகத்தான் கிடைக்கும், எனக்கும் குறைவுதான்.

ஆள் இல்லாத வீடுதான் கடைசிச் சிக்கல். கீழக்கரையில் பூட்டிய வீட்டின் வாரிசுகள் துபாயிலும் மலேசியாவிலும் சென்னையிலும் சிதறியிருப்பார்கள், "நோட்டீஸை யாருக்கு அனுப்புவது?" என்று கேட்டே அலுவலகம் மனுவை மூடிவிடும். சொத்துவரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பதிவுத் தபாலும், வீட்டுக் கதவில் ஒட்டுவதும் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். சாவி வைத்திருக்கும் உறவுக்காரர் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். கொசு பெருகும் தண்ணீர்த் தொட்டியும் புதரும் மட்டும்தான் பிரச்சினை என்றால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவே போதும்; 1939 ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. சுவர் சாய்ந்திருந்தால் நகராட்சி, ஆர்.டி.ஓ. இருவருக்கும் ஒரே நாளில் படத்தோடு மனு. கடற்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய சுவர் ஐப்பசி மழையில்தான் விழும். ஆடி பிறந்ததுமே மனுவைக் கொடுத்துவிட்டால் நோட்டீஸுக்கும் விசாரணைக்கும் ஏறக்குறைய 90 நாள் கிடைக்கும்.